அறிவை அளக்க வந்த கோல்

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931ஆம் ஆண்டு. பக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் பிழையான சிகிச்சையால் ஒரு மனிதர் உயிரிழந்தார். செய்தி கலீபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. அரண்மனை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்திடம் தேர்வு கொடுத்து அனுமதி பெறாத எவரும் இனி மருத்துவம் செய்யலாகாது என்று ஆணை பிறந்தது. திஜ்லா நதியின் இரு கரைகளிலிருந்தும் தேர்வுக்கு வந்தோர் 860 பேருக்கும் அதிகம் என்று மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ குறித்து வைத்துள்ளார்.

வந்தவர்களுள் ஒருவர் நல்லுடை தரித்த முதியவர். தமக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாது, குடும்பமோ இத்தொழிலை நம்பியே இருக்கிறது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஸினான் அவரை விரட்டவில்லை. அறியாத நோய்க்கு மருந்து தரலாகாது, இரத்தம் எடுக்கலாகாது என்று நிபந்தனையிட்டு, எளிய பானங்களைக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ள அனுமதித்தார்.

தேர்வு என்பதன் நேரிய பொருள் இதுவே. ‘நீ எதைக் கற்றிருக்கிறாய்?’ என்று அது கேட்கும். ‘நீ எத்தகைய பிறவி?’ என்று கேட்காது. இவ்வேறுபாடு மறக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை அமெரிக்க நாட்டின் தேர்வு வரலாறு நமக்குக் காட்டுகிறது. இன்று நம் பிள்ளைகள் பலர், இங்கிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும், அமெரிக்கக் கல்லூரிகளை நாடி எழுதும் ‘எஸ்.ஏ.டி.’ என்ற நுழைவுத் தேர்வின் கதையே அது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கல்லூரிகள் ஆளுக்கொரு நுழைவுத் தேர்வு வைத்திருந்தன. அக்குழப்பத்தை நீக்கக் ‘காலேஜ் போர்டு’ என்ற பொது வாரியம் அமைந்து, 1901இல் முதல் தேர்வை நடத்திற்று. அது விரிவாக எழுதும் தேர்வு. இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம், வரலாறு, கணிதம் முதலியன பாடங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற தனியார் பள்ளிகளே அவற்றை நன்கு கற்பித்தன. ஆகவே வாயில் திறந்திருந்தும் உள்ளே நுழைந்தோர் பெரும்பாலும் ஒரே வகுப்பினர்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படையில் சேர்ந்த இலட்சக்கணக்கானோரைத் தரம்பிரிக்க உளவியலார் ஓர் அறிவுத் தேர்வை வகுத்தனர். விந்தை என்னவெனில், பேஸ்பால் ஆட்டக்காரர் யார், விளம்பரத்தில் வரும் பொருள் எது என்பன போன்ற கேள்விகளும் அதில் இருந்தன. இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியானவனுக்கு அவை எங்ஙனம் தெரியும்? அவன் மதிப்பெண் தாழ்ந்தது. அதைக் கொண்டு அவன் இனமே அறிவில் தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள்!

அம்முடிவை நூலாக்கி 1923இல் வெளியிட்டவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கார்ல் பிரிகம். வட ஐரோப்பிய இனமே உயர்ந்தது, பிறர் கலப்பால் நாட்டின் அறிவு குன்றுகிறது என்பது அந்நூலின் சாரம். அரபிக்கு அரபியல்லாதவரினும் மேன்மை இல்லை என்று இறுதி ஹஜ்ஜில் முழங்கிய பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், இத்தகைய கருத்து எங்கிருந்து வந்தாலும் ஏற்பதற்கில்லை. ஆனால் அக்காலத்து அமெரிக்காவில் அதற்கு அறிவியல் என்ற மதிப்பு இருந்தது. இதே பிரிகம்தான் படைத் தேர்வைத் தழுவிக் கல்லூரிகளுக்கான புதிய தேர்வை உருவாக்கினார். 1926 ஜூன் 23இல் ஏறத்தாழ 8,000 மாணவர்கள் அதனை எழுதினர். 97 நிமிடங்களில் 315 கேள்விகள்! பெயர், ‘ஸ்கொலாஸ்டிக் ஆப்டிட்யூட் டெஸ்ட்’. ஆப்டிட்யூட் என்றால் இயல்பாய் அமைந்த திறன். பிறவியறிவை அளக்கும் கோல் என்ற உரிமைக் கோரிக்கை அப்பெயரிலேயே ஏறியது.

ஆயினும் பிரிகமிடம் ஓர் அரிய குணம் இருந்தது. தம் ஆய்வைத் தாமே மீண்டும் சோதித்தார். 1930இல், இத்தகைய தேர்வுகளைக் கொண்டு இனங்களை ஒப்பிட முடியாது என்றும், தமது முந்தைய ஆய்வு அடித்தளமற்றது என்றும் வெளிப்படையாக எழுதினார். மதிப்பெண்ணில் பள்ளியும் வீடும் மொழிப் பழக்கமும் கலந்தே இருக்கின்றன என்பதே பின்னர் அவர் கண்ட உண்மை. கற்றவர் தம் தவற்றை ஒப்புக்கொள்வது சிறிய காரியமன்று. ஆனால் வில்லிலிருந்து அம்பு புறப்பட்டுவிட்டது. ஆசிரியர் கைவிட்ட கருத்தை அவருடைய தேர்வு தன் பெயரில் சுமந்துகொண்டு திரிந்தது.

இத்தேர்வால் நன்மை விளையவில்லையா? விளைந்தது. 1933இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், செல்வக் குடும்பங்களுக்கு வெளியே, தொலைதூர ஊர்களின் சாதாரணப் பள்ளிகளிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிக் கண்டு உதவித்தொகை தர விரும்பினார். அவர்களைத் தேர்ந்தெடுக்க இத்தேர்வே கருவியாயிற்று. 1938இல் விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தை ஐ.பி.எம். நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பென்சில் குறியின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதே அதன் சூட்சுமம். 1942இல் பழைய எழுத்துத் தேர்வு கைவிடப்பட்டது. 1947இல் ‘எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ்’ என்னும் அமைப்பு தோன்றி, தேர்வு நாடு முழுதும் பரவியது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவருக்கென ‘டோஃபல்’ தேர்வு 1964இல் தொடங்கியது. ஆக, ஏழை மாணவனைத் தடுத்த சுவரில் ஒரு கதவையும் இதே தேர்வு திறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிறவித் திறனைப் பயிற்சியால் மாற்ற இயலாது, ஆகவே இத்தேர்வுக்குப் பயிற்சி வீண் என்று நடத்துவோர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், குடியேறிய யூதப் பெற்றோரின் மகனான ஸ்டான்லி காப்லன் அதனை நம்பவில்லை. தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே மாணவர்களைக் கூட்டிப் பயிற்றுவித்தார். 1979இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஆராய்ந்து, பயிற்சியால் மதிப்பெண் ஓரளவு உயர்கிறது என்று கண்டது. பின்னர் தேர்வின் பெயரே மாறிற்று. 1990களில் ‘ஆப்டிட்யூட்’ என்ற சொல் நீங்கி, ‘மதிப்பீடு’ எனப் பொருள்படும் சொல் வந்தது. பிறகு அதுவும் போய், எதற்கும் சுருக்கமல்லாத வெறும் மூன்றெழுத்துகளே எஞ்சின.

இன்று இத்தேர்வு கணினியில் நடைபெறுகிறது. அயல்நாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் இம்முறை வந்தது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதிக்கு 64 நிமிடங்களில் 54 வினாக்கள். கணிதத்திற்கு 70 நிமிடங்களில் 44 வினாக்கள். ஒவ்வொரு பகுதியும் இரு கூறுகளாக வரும். முதற்கூற்றில் மாணவன் விடையளித்ததற்கேற்ப இரண்டாம் கூறு எளிதாகவோ கடினமாகவோ அமையும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எதையும் விடையளிக்காமல் விடலாகாது. மொத்த மதிப்பெண் 400 முதல் 1600 வரை.

கொரோனா பெருந்தொற்று பரவிய 2020இல் பல கல்லூரிகள் இத்தேர்வைக் கட்டாயமல்ல என்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதனை அறவே நீக்கியது. ஆனால் எம்.ஐ.டி. 2022இலும் டார்ட்மவுத், யேல், ஹார்வர்டு ஆகியவை 2024இலும் மீண்டும் கேட்கப்போவதாக அறிவித்தன. வசதியற்ற பள்ளியில் பயின்ற மாணவர்கள் தமக்குத் துணைசெய்யக்கூடிய மதிப்பெண்ணைப் போதாதென்று எண்ணி அனுப்பாதிருந்ததை டார்ட்மவுத் கண்டறிந்தது. ஆகவே, ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியே விசாரித்தறிவது பெற்றோர் கடமை. மாணவன் பயின்ற பள்ளியின் நிலையோடு சேர்த்தே அவனுடைய எண்ணைப் பல கல்லூரிகள் பார்க்கின்றன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து, ‘உன் மூளைக்கு இவ்வளவுதான்’ என்று கடிந்துகொள்ளும் வீடுகள் நம்மிடையே உண்டு. அச்சொல்லைச் சொல்லும் உரிமை அத்தேர்வுக்கே இல்லை. அதை உருவாக்கியவரே அவ்வுரிமையைத் துறந்துவிட்டார். ஒரு நாளில், ஒரு மொழியில், இரண்டே கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளை காட்டிய பயிற்சியின் அளவு அது. குறைந்தால் மீண்டும் பயின்று மீண்டும் எழுதலாம். நிறைந்தால் நன்றி செலுத்தி அடக்கத்துடன் இருக்கலாம்.

எழுத்தறியாத முதியவரிடமும் அவரால் செய்யக்கூடிய ஒன்றைத் தேடிக் கண்டவர் ஸினான். நம் பிள்ளைகளின் தேர்வு முடிவைக் கையில் வாங்கும்போது அந்தப் பார்வை நமக்கும் வாய்க்குமாக. ஒருவருக்குள் வைக்கப்பட்டிருக்கும் அறிவின் முழு அளவை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.