காதுக்குள் போன கருவி: இயர்போனின் கதை

அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடும் தெருக்களில் நடந்தால் முதலில் காதில் விழுவது 'டடக்... டடக்' என்ற தறிச் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று வேலை பார்க்கும் சிலர் காதில் இப்போது இயர்போனும் இருக்கிறது. திருச்சுழிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாலோ பாதிப் பேர் காதில் இருக்கிறது! நூறு ரூபாய்க்கும் கிடைக்கும் இந்தச் சின்னப் பொருளுக்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தொழிற்சாலைச் சத்தத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இயர்போன் செய்தவர்கள் எல்லோரும் மூன்று கேள்விகளோடு போராடியிருக்கிறார்கள். ஒலி நன்றாக இருக்கிறதா? காது வலிக்காமல் இருக்கிறதா? நீண்ட நாள் உழைக்கிறதா? ஒன்றைச் சரி செய்யப் போனால் இன்னொன்று இடிக்கும்.

சமையலறையில் பிறந்த ஹெட்போன்

1891-ல் எர்னஸ்ட் மெர்க்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர், தொலைபேசிப் பேச்சைக் கேட்பதற்காகக் காதில் செருகிக்கொள்ளும் ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எடை 50 கிராமுக்குள். காது உறுத்தாமல் இருக்கவும், வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கவும் நுனியில் ரப்பர் உறை போட்டிருந்தார். இன்றைய இன்-இயர் வகையின் அடிப்படை யோசனை அன்றே வந்துவிட்டது.

ஆனால் உலகம் அந்த வழியில் போகவில்லை. 1910-ல் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தலையில் மாட்டும் ஹெட்போனை உருவாக்கி அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அவர் ஊர் யூட்டா மாநிலம். நம் கரிசல் சீமை மாதிரியே மழை குறைந்த வறண்ட பூமி. கடற்படைக்குப் பொருள் பிடித்துப்போய் ஆர்டர் வந்தது. ஆனால் ஒரு நேரத்தில் பத்து மட்டும்தான் அவரால் தர முடிந்தது. காரணம், அவர் வேலை பார்த்த இடம் வீட்டுச் சமையலறை!

டீக்கடையிலிருந்து தனிக் காதுக்கு

1954-ல் அமெரிக்காவில் ரீஜென்சி டி.ஆர்-1 என்ற சட்டைப்பை டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. அதற்கு இயர்போன் தனியாக விற்கப்பட்டது. பின்னர் நம் பக்கமும் டிரான்சிஸ்டர் பரவியபோது, தென் மாவட்டங்களில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புதான் வீட்டுக்கு வீடு பாடியது. டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தால் ஊரே கேட்கும். ஒற்றைக் காதுக் கருவி கிரிக்கெட் வர்ணனைக்குப் போதும். பாட்டு என்றால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போலத்தான் இருக்கும்.

1979-ல் சோனி வாக்மேன் வந்தது. 300, 400 கிராம் என்று கனத்த ஹெட்போன் அதோடு சுமார் 45 கிராமாகக் குறைந்தது. 1982-ல் அதே நிறுவனம் காதுமடலின் குழியில் உட்காரும் குட்டி இயர்போனைக் கொண்டுவந்தது. 2001-ல் வந்த ஐபாடோடு இந்த வகை உலகம் முழுவதும் பரவியது. சுகம் கூடியது. ஆனால் காதுக்கும் கருவிக்கும் இடையே சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாக 'பேஸ்' எனும் கனத்த ஒலி வெளியே போய்விடும். வெளிச்சத்தம் உள்ளே வந்துவிடும்.

தொழிற்சாலை தந்த பஞ்சு

இந்தச் சந்தை அடைக்க உதவிய பொருள் வந்தது இசை உலகத்திலிருந்து அல்ல. 1967-ல் ராஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கர், கசக்கினால் சுருங்கி மெதுவாக விரியும் ஒரு வகை நுரைப்பஞ்சைக் கண்டறிந்தார். 1970களில் அது தொழிலாளர்களின் காதைக் காக்கும் அடைப்பானாக விற்பனைக்கு வந்தது. அதே போன்ற பஞ்சை நுனியில் பொருத்தி, காது கேட்கும் திறனைச் சோதிக்கும் இயர்போன்களை 1980களில் எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் செய்தது. 1991-ல் அதே நிறுவனம் பாட்டு கேட்பவர்களுக்காக ஈ.ஆர்-4 என்ற இன்-இயர் வகையை வெளியிட்டது. 1995-ல் மேடை இசைக்கலைஞர்களுக்காகக் காதை அச்செடுத்துச் செய்யும் நிறுவனமான அல்டிமேட் இயர்ஸ் தொடங்கப்பட்டது.

ஆக, இன்-இயர் என்பது பாதி இயர்போன், பாதி காதடைப்பான். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ரப்பர் நுனிகள் தருவது அதனால்தான். அளவு சரியாக இல்லாவிட்டால் விலை உயர்ந்த இயர்போனும் சப்பென்றுதான் பாடும்.

டெசிபல் கணக்கு

இனி தறிக்கூடத்துக்குத் திரும்பலாம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரே மணி நேரம். விசைத்தறிக் கூடங்களில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம்.

அங்கே சந்துள்ள இயர்போனை மாட்டினால் என்ன ஆகும்? பாட்டு கேட்க வேண்டுமானால் தறியை விடச் சத்தமாக வைக்க வேண்டும். தறிச் சத்தமும் பாட்டுச் சத்தமும் சேர்ந்து காதைத் தாக்கும். நன்றாகப் பொருந்திய இன்-இயர் வெளிச்சத்தத்தை 20 டெசிபல் வரையோ அதற்கு மேலோ குறைக்கும். குறைந்த சத்தத்திலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். அதற்காக அதைப் பாதுகாப்புக் கருவி என்று நம்பிவிடவும் கூடாது. பக்கத்தில் கூப்பிடுபவர் குரலும், ரோட்டில் வரும் லாரியின் ஹாரனும் சேர்ந்தே குறைந்துவிடும். தறியில் நிற்பவருக்குத் தேவை பாட்டில்லாத வெறும் அடைப்பான்தான். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது.

உழைப்பும் செலவும்

இயர்போன் பெரும்பாலும் சாவது வயரில்தான். பின் சேரும் இடத்திலும், காதுப் பகுதி சேரும் இடத்திலும் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்துவிடும். வறண்ட பூமியின் புழுதியும் வியர்வையும் வலையை அடைக்கும். 100 ரூபாய் இயர்போன் மூன்று மாதத்துக்கு ஒன்று போனால் வருடத்துக்கு 400 ரூபாய். 600 ரூபாய்க்கு வாங்கியது இரண்டு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 300 ரூபாய்தான். வயர் இல்லாத வகையில் அறுந்துபோக வயர் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் தளர ஆரம்பிக்கும், பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது.

உலகம் முழுவதும் 110 கோடி இளைஞர்களின் கேட்கும் திறனுக்கு ஆபத்து இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் எச்சரித்தது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. இயர்போன் போனால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். காதுக்கு அப்படி ஒரு கடை இல்லை நண்பர்களே!