வயர்கார்டு: சர்வரில் விபிஎன் அமைத்தல்

வயர்கார்டு, ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய விபிஎன் நெறிமுறை. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6-இல் இடம்பெற்றது. இதன் பலமே இதன் சிக்கனம்தான் என்பதைச் சர்வரில் அமைக்கும்போதே காணலாம். சர்வருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாவி ஜோடி. இரு பக்கமும் மாற்றிக்கொள்வது பொதுச் சாவியை மட்டும். யுடிபி 51820 போர்ட்டைத் திறந்து, சில வரிகளில் அமைப்புக் கோப்பை எழுதினால் போதும். ஒரு கருவியின் சாவிக்கு எதிரே 10.0.0.2/32 என்று குறித்தால், அந்தச் சாவியோடு வேறு முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டைச் சர்வர் தள்ளிவிடும். வழிகாட்டலும் அனுமதியும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. இதைவிட நேர்த்தியான ஏற்பாடு அரிது. ஹேண்ட்ஷேக் முடிந்தும் இணையம் வராவிட்டால், பெரும்பாலும் சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கோ நாட் விதியோ விடுபட்டிருக்கும்.

குறியாக்க முறையைத் தேர்ந்தெடுக்க வழியில்லையே என்பது முக்கியமான ஆட்சேபம். வயர்கார்டு பயன்படுத்தும் சாசா20 குறியாக்கம் என்றாவது உடைந்தால் எல்லாக் கருவிகளையும் புதுப்பிக்க வேண்டிவரும் என்பது உண்மை. ஆனால் பேரம் பேச இடமில்லாததால், பலவீனமான முறைக்கு இறக்கிவிடும் தாக்குதலுக்கும் இடமில்லை. அந்த விலை தகும். யுடிபியை முடக்கும் நெட்வொர்க்கில் இது தனியாக வேலை செய்யாது என்ற குறையை மட்டும் மறுக்க முடியாது. அங்கே டிசிபி 443-இல் ஓடும் ஓப்பன்விபிஎன்னே பொருத்தம்.