அட்டவணையிலிருந்து திறந்த அணுக்கத்திற்கு: தொற்றுநோய் அறிவுவளங்களின் வரலாறு (1879–2025)

ஆய்வுச்சுருக்கம்

நுண்ணுயிரியலையும் தொற்றுநோய்களையும் கற்போருக்கு இன்று இணையவழி வளங்கள் மிகுதியாக உள்ளன. ஓர் ஆய்வு இருப்பதை அறிதல், அதனைப் படித்தல், அதன் நம்பகத்தன்மையை மதிப்பிடுதல் என்னும் மூன்று தேவைகளை அவ்வளங்கள் வெவ்வேறு காலங்களில் எதிர்கொண்டன. இம்மூன்றிற்கும் இடையே நிலவிய இடைவெளியையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொற்றுநோய், நுண்ணுயிரியல், பப்மெட், திறந்த அணுக்கம், எபோலா, அறிவியல் தமிழ்.

முன்னுரை

இராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்தார். 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்தார். நுண்ணுயிரியல் தனித்துறையாக உருப்பெற்ற இதே காலத்தில்தான் மருத்துவ இதழ்களின் எண்ணிக்கையும் பெருகியது. கண்டறிந்தவற்றைப் பதிவுசெய்வதோடு, பதிவானவற்றைத் தேடிக் கண்டடைவதும் அறிஞர்முன் ஒரு சிக்கலாக எழுந்தது.

அட்டவணைக் காலம்

இச்சிக்கலுக்கு முறையான தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர் ஜான் ஷா பில்லிங்ஸ். அமெரிக்கப் படைத்துறைத் தலைமை மருத்துவர் அலுவலக நூலகத்தின் பொறுப்பாளராக இருந்த அவர், 1879-இல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் மருத்துவக் கட்டுரை அட்டவணையைத் தொடங்கினார். அந்நூலகமே பின்னாளில் தேசிய மருத்துவ நூலகமாக வளர்ந்தது. அதன் அட்டவணைப் பணி 1964-இல் மெட்லார்ஸ் என்னும் கணினி முறைக்கு மாறியது. 1971-இல் தொலைபேசி இணைப்பு வழியே தேட உதவும் மெட்லைன் உருவானது. எனினும் இத்தேடல் பயிற்சி பெற்ற நூலகர் வழியாகவும் கட்டணத்தின் பேரிலுமே பெரும்பாலும் நிகழ்ந்தது. 1997 சூன் 26 அன்று பப்மெட் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறக்கப்பட்ட பின்னரே, இணைய இணைப்புள்ள எந்த மாணவரும் மருத்துவ இலக்கியத்தைத் தாமே தேடும் நிலை உருவாயிற்று.

அறிதலுக்கும் படித்தலுக்கும் இடைப்பட்ட தொலைவு

பப்மெட் தந்தது தலைப்பும் சுருக்கமுமே. முழுக்கட்டுரை பெரும்பாலும் சந்தாச் சுவருக்குப் பின்னால் இருந்தது. இந்நிலையை மாற்றும் முயற்சியாக 2000-இல் பப்மெட் சென்ட்ரல் என்னும் முழுப்பாடக் காப்பகம் தொடங்கப்பட்டது. வளர்முக நாடுகளுக்கென உலக நலவாழ்வு அமைப்பு பதிப்பகங்களுடன் இணைந்து 2002-இல் ஹினாரி திட்டத்தை நடைமுறைப்படுத்தியது.

இவ்வேற்பாடுகளுக்குப் பின்னும் இடைவெளி நீடித்தது என்பதற்கு லைபீரியா சான்றாகும். 2014-இல் அந்நாட்டில் எபோலா பரவியபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் அந்நோய் அதற்கு முன் இருந்ததில்லை என்றே பலரும் கருதினர். ஆனால் லைபீரியாவை எபோலா நிலவும் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் குருதிப் பரிசோதனைகளின் அடிப்படையில் 1982-இலேயே எழுதியிருந்தனர். லைபீரிய நலவாழ்வுத் துறை அலுவலர்கள் 2015 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதனைச் சுட்டிக்காட்டினர். அத்தகைய கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றும், அது அங்குள்ள மருத்துவர் ஒருவரின் அரைவார ஊதியத்திற்கு நிகர் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். அவ்வாய்வுகளில் லைபீரிய அறிவியலர் எவரும் இணையாசிரியராக இல்லை என்பதும் அவர்தம் குற்றச்சாட்டு. எனவே தடையாக இருந்தது விலை மட்டுமன்று. எம்மண்ணின் நோய் ஆராயப்பட்டதோ அம்மண்ணின் அறிஞர் அவ்வாய்விலிருந்து விலக்கப்பட்டதும் தடையே. மேற்கு ஆப்பிரிக்கப் பெருந்தொற்றில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கட்டுரை முன்னரே படிக்கப்பட்டிருந்தால் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டிருக்கும் என்று கணக்கிட இயலாது. எனினும் மருத்துவமனைகள் முன்னெச்சரிக்கையின்றி நோயை எதிர்கொண்டதில் அறிவின் இவ்வடைப்பிற்கும் பங்குண்டு.

விரைவும் நம்பகத்தன்மையும்

திறந்த பகிர்வின் பயனைப் பிற நிகழ்வுகள் உணர்த்துகின்றன. 1994-இல் தொடங்கப்பட்ட புரோமெட் மின்னஞ்சல் சேவையில், 2003 பிப்ரவரி 10 அன்று சீனாவின் குவாங்சோ நகர நோய் பற்றிய வினா ஒன்று வெளியானது. பின்னர் சார்ஸ் எனப் பெயர்பெற்ற நோயைப் பற்றி வெளியுலகு அறிந்த தொடக்கச் செய்திகளுள் அதுவும் ஒன்று. 2020 சனவரியில் புதிய கொரோனா தீநுண்மியின் மரபணுத்தொடரை ஜாங் யோங்ஜென் குழுவினர் பொதுவெளியில் பகிர்ந்தனர். அடுத்த சில நாள்களில் நோயறி சோதனை முறை வெளியாயிற்று. தடுப்பூசி வடிவமைப்பும் தொடங்கிற்று.

ஆயினும் விரைவு மதிப்பீட்டின் தேவையை மிகுவித்தது. அத்தீநுண்மியின் புரதத்தில் ஹெச்.ஐ.வி.-யை ஒத்த கூறுகள் இருப்பதாகக் கூறிய முன்பதிப்புக் கட்டுரை ஒன்று, பிற அறிவியலரின் மறுப்பால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பிழை விரைவில் திருத்தப்பட்டமைக்கும், திருத்தத்திற்கு முன்பே அது வதந்தியாகப் பரவியமைக்கும் திறந்தநிலையே காரணம். ஆதலின் கற்போர் ஒரு வளத்தைக் கையாளும்போது அது மதிப்பாய்வுக்கு உட்பட்டதா, பின்னர்த் திருத்தப்பட்டதா என்பவற்றை நோக்குதல் இன்றியமையாதது.

தமிழ்ச்சூழல்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்தி, 'இரணவைத்தியம்' உள்ளிட்ட நூல்களைத் தமிழாக்கினார். அவர் 1873-இல் நாடு திரும்பினார். கோக்கின் பெருங்கண்டுபிடிப்புகள் அதன் பின்னரே வெளிவந்தன. தமிழ்வழி மருத்துவப் பாடநூலாக்கத்தின் அத்தொடக்கம் நுண்ணுயிரியலின் வாயிலை எட்டும் முன்னரே நின்றுவிட்டது எனலாம்.

இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கி, ஏறத்தாழ 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் இதழ்களைத் திறந்துவிட்டுள்ளது. மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இது பெரும்பேறு. எனினும் இது சந்தாவை அரசு செலுத்தும் ஏற்பாடேயன்றித் திறந்த அணுக்கம் ஆகாது. தனியார் கல்லூரி மாணவரும் தனித்து மருத்துவம் செய்யும் மருத்துவரும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

முடிவுரை

1879 முதல் இன்றுவரை, தேடும் கருவிகள் படிக்கும் உரிமையைவிட விரைந்து வளர்ந்துள்ளன. அணுக்கம் விரிந்த இடத்தில் மதிப்பிடும் பயிற்சியும், தமிழ்நிலத்தில் மொழிவழி விளக்கமும் பின்தங்கியுள்ளன. மதிப்பாய்வு பெற்ற தொற்றுநோய் ஆய்வுகளைத் தமிழில் சுருக்கித் திறந்தவெளியில் பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நுண்ணுயிரியல் துறைகளும் இணைந்து மேற்கொள்ளின், கிறீன் விட்ட இடத்திலிருந்து அப்பணி தொடர்வதாக அமையும்.