தணிக்கையாளர் குமரப்பா

சூழலுக்காகவும் சமூக நீதிக்காகவும் உழைத்தோரின் முன்னைத் தொழில் யாதென நாம் வினவுவது அரிது. 1892-இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் பயிற்சி பெற்ற தணிக்கையாளர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் பம்பாய்த் தொழிலைத் துறந்தார். கணக்கரின் கண்ணைத் துறந்தாரில்லை. குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் உழவரின் வரவு செலவை ஆராய்ந்தார். 1931-இல் காங்கிரசுக் குழுவில் ஒருவராய், பிரிட்டன் இந்தியாவின் தலையில் ஏற்றிய கடனைத் தணிக்கை செய்தார்.

அக்கண்ணே பின்னர் இயற்கையையும் நோக்கிற்று. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் கையிருப்பு. காடும் ஆறும் ஓயாது புதுப்பிக்கப்படும் வரவு என்றார். கையிருப்பைச் செலவிட்டு அதனை வருமானம் என்று எழுதினால் எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்? நிலைத்த பொருளாதாரம் பற்றிய அந்நூல் சிறையில் எழுதப்பட்டு 1945-இல் வெளிவந்தது. சிறையிலேயே இயேசுவின் போதனைகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.