எழுத்தாணி நின்ற இடம்

காஞ்சிபுரத்துக்கு அண்மையில் கூரம் என்றொரு சிற்றூர் உள்ளது. வரலாறு படிப்போர் அவ்வூரைப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டால் அறிவர். வைணவர்கள் கூரத்தாழ்வானின் ஊராக அறிவர். எழுதிய ஒன்று ஏற்கப்படுவது எவ்வாறு என்று ஆராயப் புகும் நமக்கு இங்கே வேண்டியவர் கூரத்தாழ்வானே.

இராமாநுசர் பிரம்ம சூத்திரத்துக்கு உரை சொல்லச் சொல்ல, அதனை ஏட்டில் எழுதியவர் கூரத்தாழ்வான் என்று குருபரம்பரை வரலாறுகள் கூறுகின்றன. தாம் சொல்வது பொருந்தவில்லை என்று தோன்றினால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசிரியர் இட்ட கட்டளை. உயிரின் இயல்பை விளக்கும் ஓரிடத்தில் எழுத்தாணி நின்றுவிட்டது. உயிர் அறியும் தன்மையுடையது என்று சொல்லி, அது இறைவனுக்கு உரியது என்பதைச் சொல்லாமல் விட்டது சீடருக்கு உடன்பாடாகவில்லை. ஆசிரியர் சினந்து எழுந்தார். பின்னர் சிந்தித்துப் பார்த்து, சீடர் நிறுத்தியதே சரியென்று கண்டு திருத்திச் சொன்னாராம். இது மரபுவழிக் கதைதான். ஆயினும் பதிப்பாசிரியரின் வேலை இன்னதென்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதையை நான் கேட்டதில்லை.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பெயர் தாங்கிய மற்றொருவருக்கு இதே அனுபவம் நேர்ந்தது. கணிதமேதை சீனிவாச இராமானுஜன் சிறுவயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் படித்தவர். 1911-இல் அவருக்கு வயது இருபத்து மூன்று. பட்டமில்லை, நிலையான வேலையும் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் நிறையத் தேற்றங்கள் மட்டும் இருந்தன. 1907-இல் தோன்றிய இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் இடம் கிடைத்தால்தான் அவர் யார் என்பது நான்கு பேருக்குத் தெரியும் என்ற நிலை.

அவ்விதழில் வாசகர்கள் விடுக்கும் கணக்குகளுக்கென ஒரு பகுதி இருந்தது. இராமானுஜன் அதில் கேட்ட கணக்கொன்று புகழ்பெற்றது:

√(1+2√(1+3√(1+4√(1+ …))))

முடிவின்றிச் செல்லும் இதன் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள், அதாவது ஆறு மாதங்கள் சென்றும் விடை வரவில்லை. அவரே விடையைச் சொன்னார்: 3. வழி மிக எளிது. 3 என்பது √9, அதாவது √(1+2×4). அந்த 4 என்பது √16, அதாவது √(1+3×5). அந்த 5 என்பது √(1+4×6). இப்படியே உள்ளே உள்ளே போகலாம்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தாளை எடுத்து, 3-க்குப் பதிலாக 4-ஐ வைத்து இதே வேலையைச் செய்து பாருங்கள். 4 என்பது √16, அதாவது √(1+2×7.5). அந்த 7.5 என்பது √56.25, அதாவது √(1+3×18.4166…). இதுவும் முடிவின்றி உள்ளே போகிறது! அப்படியானால் விடை 3 என்பதா, 4 என்பதா? விடை 3-தான், ஆனால் அதை உறுதிசெய்ய இன்னும் ஒரு படி வேண்டும். இடையில் ஓரிடத்தில் வெட்டிவிட்டால், வெட்டிய மதிப்புகள் எந்த எண்ணை நெருங்குகின்றன என்று காட்ட வேண்டும். இத்தகைய மூலத்தொடர்கள் எப்போது ஓர் எண்ணை நெருங்கும் என்பதற்கான நிபந்தனையைப் பின்னாளில் தந்தவரும் ஒரு தமிழரே: தி. விஜயராகவன்.

இவ்விதம் விடுபட்ட படிகள்தாம் இதழாசிரியருக்குத் தலைவலி. இராமானுஜன் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதும் பழக்கமுள்ளவர். பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் இருந்த இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்காரிடம் சென்றது. முறைகள் புதியவை, சுருக்கமோ மிக அதிகம், சாதாரண வாசகர் பின்தொடர இயலாது என்பது அவர் கண்டது. அவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கும் அனுப்பவில்லை. கையெழுத்துப்படி ஆசிரியருக்கும் இதழுக்குமாகப் பலமுறை போய்வந்தது. 1911-ஆம் ஆண்டு இதழில் வெளியாயிற்று. தபால் செலவைக் கணக்கிட்டால் சில அணாக்கள் இருக்கும். அந்தச் சில அணாக்களால் இந்தியக் கணிதம் பெற்றதை எண்ணிப் பாருங்கள்.

தரத்தைத் தவிர வேறு காரணங்களாலும் கட்டுரை வெட்டுப்படுவதுண்டு. 1915-இல் இலண்டன் கணிதச் சங்கம் வெளியிட்ட இராமானுஜனின் பெருங்கட்டுரை, மிகுபகு எண்களைப் பற்றியது, முழுமையாக வரவில்லை. சங்கத்திடம் பணமில்லை. விடுபட்ட பகுதி 1997-இல்தான், அவர் பெயரையே தாங்கிய ஓர் ஆய்விதழில் குறிப்புகளுடன் வெளிவந்தது.

இணையத்தில் தாளுக்கும் மைக்கும் பஞ்சமில்லை. 1990-களின் இறுதியில் கட்டுரைத் திரட்டுகள் என்னும் தளங்கள் தோன்றின. 1999-இல் தொடங்கிய ஈஸின்ஆர்ட்டிகிள்ஸ் அவற்றுள் பெயர்பெற்றது. யாரும் கட்டுரை அனுப்பலாம். யாரும் எடுத்து மறுவெளியீடு செய்யலாம். கட்டுரையின் அடியில் எழுதியவரின் பெயரும் அவர் தளத்துக்கான இணைப்பும் மட்டும் இருக்க வேண்டும். அந்த இணைப்புதான் கட்டுரைக்குக் கிடைத்த கூலி. தேடுபொறிகள் இணைப்புகளை எண்ணித் தளங்களை வரிசைப்படுத்தியதால், இணைப்புக்காகவே கட்டுரைகள் பிறந்தன. சில தளங்கள் குறைந்த அளவுச் சொற்கள் உள்ளனவா, இணைப்புகள் மிகுந்துவிட்டனவா, வெறும் விளம்பரமா என்று பார்த்தன. சொல்லப்பட்டது மெய்யா என்று பார்ப்பது அரிதாயிற்று. ஒரே கட்டுரையில் சொற்களை மட்டும் மாற்றி மாற்றி நூறு கட்டுரையாக்கும் நிரல்களும் வந்தன. எழுத்தாணியை நிறுத்துவார் எவருமில்லை. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியமைத்துத் தரங்குறைந்த பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. பல திரட்டுகளின் வாசகர் கூட்டம் கரைந்தது. மனிதர் செய்யாத வேலையை ஒரு கணக்கீட்டு முறை செய்தது என்பது நமக்குப் பெருமைதரும் செய்தியன்று.

அறிவியலாளர்களின் திரட்டு வேறு வழியில் சென்றது. 1991-இல் அமெரிக்க இயற்பியலார் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்சைவ், கட்டுரைகளை இதழ்களுக்கு முன்பே வெளியிடுகிறது. 2004 முதல் புதியவர்களுக்கு அத்துறையில் ஏற்கெனவே எழுதிய ஒருவரின் பரிந்துரை வேண்டும் என்ற விதி வந்தது. நிறுவல் சரியா என்று அங்கும் பார்ப்பதில்லை. துறைக்கு உரியதா என்பதையே பார்க்கிறார்கள். 2002, 2003-ஆம் ஆண்டுகளில் உருசியக் கணிதர் கிரிகோரி பெரல்மான், நூறாண்டுகளாகத் தீராதிருந்த புவான்காரே கணிப்புக்கான நிறுவலை அங்கே மூன்று கட்டுரைகளாக இட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. அவரும் பல படிகளைச் சுருக்கியே எழுதியிருந்தார். கணிதர்களின் மூன்று குழுக்கள் தனித்தனியே உட்கார்ந்து, வரிவரியாகப் படித்து, விடுபட்டவற்றை நிரப்பி, நூற்றுக்கணக்கான பக்கங்களில் விளக்கி முடிக்க 2006 ஆயிற்று.