நீரில் அமர்வோன் அணியும் ஆடை

அமெரிக்க நாட்டு மான்டானா மாநிலத்தில் ஹெப்கன் என்றோர் ஏரி உண்டு. ட்ரௌட் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்க அங்கு வருவோரில் சிலர் படகில் ஏறுவதில்லை. காற்றடைத்த மிதவை வளையத்தின் நடுவே அமைந்த துணி இருக்கையில் அமர்ந்து, கால்களை நீருள் தொங்கவிட்டு, பாதங்களில் மாட்டிய துடுப்புகளை அசைத்து மெல்ல நகர்வர். தொடக்கத்தில் இவ்வளையம் மோட்டார் வண்டிச் சக்கரத்தின் ரப்பர்க் குழாயாகவே இருந்தது.

மலையேரியின் நீர் குளிர்ந்தது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, மணிக்கணக்காக இடுப்பளவு நீரில் இருப்போனுக்கு ஆடை அலங்காரம் அன்று, உயிர்க் காப்பு. பாதம் முதல் மார்பு வரை மூடும் நீர்புகாக் காலுடை எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால், அதைத் தேர்ந்தெடுக்கும் முறையும் தானே விளங்கும்.

தென் அமெரிக்கப் பழங்குடியினர் மரப்பாலைக் கொண்டு நீர்புகாக் காலணி செய்ய முன்னமே அறிந்திருந்தனர். 1823 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மாக்கிண்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி மழையங்கி செய்ய உரிமை பெற்றார். ஆயினும் அது வெயிலில் பிசுபிசுத்தது. குளிரில் விறைத்து வெடித்தது. இக்குறையை நீக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறும் என்பதை 1839 இல் கண்டு, 1844 இல் அதற்கு உரிமை பெற்றார். கடனுக்காகச் சிறையும் கண்ட அவர், 1860 இல் கடனாளியாகவே மறைந்தார். அவர் தந்த உறுதியாலேயே ரப்பர்க் காலுடை நிலைபெற்றது.

இவ்விடத்தில் நம்மவர் வரலாறும் வந்து கலக்கிறது. 1876 இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பின்னர்ச் சிங்கப்பூருக்கும் சென்றன. மலேயாவில் தோட்டங்கள் பெருகியபோது, விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தோரில் பெருந்தொகையினர் தமிழர். எங்கோ ஒருவன் கால் நனையாதிருக்க, இவர்கள் காலைப் பனியில் நனைந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

ரப்பர்க் காலுடை வெளிநீரைத் தடுத்தது. உடல் வியர்வையையும் உள்ளேயே அடைத்து வைத்தது. குளிரையும் அதிகம் தடுக்கவில்லை. குளிருக்கு விடை வேறொரு பொருளால் வந்தது. 1930 இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் பிறந்தது. அதை நுரைபோலாக்கி, நுண்ணிய வாயுக் குமிழிகளை உள்ளடக்கினால் வெப்பம் எளிதில் வெளியேறாது. வியர்வைக்கு விடை 1969 இல் கிடைத்தது. பாப் கோர், டெஃப்ளான் எனப்படும் பொருளைச் சட்டென இழுத்து நீட்டி, கண்ணுக்குப் புலனாகா நுண்துளைகள் நிறைந்த ஏடாக்கினார். நீர்த்துளி அதனுள் நுழையாது. வியர்வையின் ஆவியோ வெளியேறும்.

ஆகவே தேர்வு இவ்வாறு அமையும். நீர் மிகக் குளிர்ந்திருப்பின் நியோப்ரீன் நன்று. வெயிற்காலத்திலும், ஏரிக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டிய போதும் ஆவி விடும் மெல்லிய துணி நன்று. ஆனால் அது தானாக வெப்பம் காப்பதன்று. அதனுள் கம்பளி உடை வேண்டும். பருத்தி நம் நாட்டு வெயிலுக்கு உற்ற துணை; குளிர்நீரிலோ அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்கும். அமர்ந்த நிலையில் நீர் இடுப்புக்கு மேலும் ஏறுமாதலின், தொடையளவுக் காலுடை போதாது, மார்பளவே ஏற்றது. துடுப்பு மாட்டவேண்டியிருப்பதால், பருத்த பூட்ஸ் இணைந்ததை விடுத்து, காலுறைபோல முடிவதைக் கொள்வர். அதனுள் கம்பளிக் காலுறை அணியலாம். ஆனால் இறுக்கம் கூடாது. இறுக்கினால் குருதியோட்டம் குறைந்து பாதம் மரத்துவிடும்.

இரண்டு பொருள்களை எக்காரணம் பற்றியும் விடலாகாது. ஒன்று, காலுடையின் மேல் இடுப்பில் இறுகக் கட்டும் வார்; கவிழ நேரின் உள்ளே நீர் விரைந்து நிரம்பாமல் அது தடுக்கும். நீர் நிறைந்த காலுடையுடன் கரையேறுதல் மிகக் கடினம். மற்றொன்று, மிதவைச் சட்டை. காற்றடைத்த வளையம் துளைபடக் கூடும் என்பதை எண்ணினால் அதன் தேவை புலப்படும்.

நீரைத் தடுப்பது, வெப்பத்தைக் காப்பது, வியர்வையை விடுவது என்னும் மூன்றும் வேறு வேறு தொழில்கள். அவற்றை ஒவ்வொன்றாக வெல்ல மனிதனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கடையில் ஆடை வாங்குவோன் விலையைக் கேட்குமுன், இம்மூன்றில் தனக்கு இன்று எது முதன்மை என்று தன்னையே கேட்டுக்கொள்வானாயின், அந்நூற்றாண்டின் உழைப்பு அவனுக்குப் பயன்பட்டதாகும்.