தமிழ்நாட்டில் சொத்துப் பதிவுச் செலவு

வீடு, மனை போன்ற அசையாச் சொத்தை வாங்குபவர், விற்பவருக்குத் தரும் விலையோடு அரசுக்கும் ஒரு தொகை செலுத்த வேண்டும். முத்திரைத் தீர்வை, சொத்து மாற்ற மிகுவரி, பதிவுக் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அத்தொகை. கிரயப் பத்திரம் பதிவாகும்போதே இதைச் செலுத்தியாக வேண்டும்.

தோற்றம்

ஆவணங்களுக்கு முத்திரைத்தாள் வழியே வரி வாங்கும் முறை 1624-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 1694-இல் இங்கிலாந்து அதைப் பின்பற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1797-இல் வங்காளத்தில் முத்திரை ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. பிரித்தானிய இந்தியா முழுமைக்குமான முத்திரைச் சட்டம் 1860-இல் வந்தது. பல மாற்றங்களுக்குப் பின் இயற்றப்பட்ட 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது. உரிய தீர்வை செலுத்தாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதே இச்சட்டத்தின் பிடி.

பதிவுக் கட்டணத்தின் வரலாறு வேறு. 1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரப் பதிவுக்கு வழிவகுத்தது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரம் மூலமே நடக்க வேண்டும் என 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விதித்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம்.

வழிகாட்டி மதிப்பு

தொடக்கத்தில் பத்திரத்தில் எழுதிய விலையே தீர்வைக்கு அடிப்படை. இதனால் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் பரவியது. இதைத் தடுக்க 1967-இல் சென்னை மாநிலம் முத்திரைச் சட்டத்தில் 47-அ பிரிவைச் சேர்த்தது. சந்தை மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டதாகக் கருதினால், பதிவு அலுவலர் அந்த ஆவணத்தை மதிப்பு நிர்ணயத்துக்காக ஆட்சியருக்கு அனுப்பலாம். தெரு வாரியாகவும் புல எண் வாரியாகவும் அரசு வெளியிடும் வழிகாட்டி மதிப்பு இந்த ஒப்பீட்டுக்கு உதவுகிறது.

தீர்வையைத் தவிர்க்கப் பொது அதிகாரப் பத்திரம் மூலம் சொத்தைக் கைமாற்றும் வழக்கமும் இருந்தது. அத்தகைய பத்திரம் உரிமையை மாற்றாது என 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

விகித மாற்றங்கள்

2017 ஜூன் தொடக்கம் வரை தீர்வை 5%, மிகுவரி 2%, பதிவுக் கட்டணம் 1% என மொத்தம் 8% வாங்கப்பட்டது. அம்மாதம் 9-ஆம் நாள் முதல் வழிகாட்டி மதிப்பு 33% குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 4% ஆக உயர்த்தப்பட்டது. மொத்தம் 11% ஆனது. 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2% ஆகக் குறைந்தது. வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும் என அறிவிக்கப்பட்டது.

விகிதத்தை மட்டும் பார்த்தால் 2017-இல் சுமை கூடி, 2023-இல் குறைந்தது போலத் தோன்றும். வழிகாட்டி மதிப்பிலேயே பதியப்படும் சொத்துக்குக் கணக்கு நேர்மாறானது. முதலில் 30 லட்சம் ரூபாய் வழிகாட்டி மதிப்பிருந்த வீட்டுக்கு 8% வீதம் 2.40 லட்சம் ரூபாய். மதிப்பு 20.10 லட்சமாகக் குறைந்தபோது 11% வீதம் 2.21 லட்சம். மதிப்பு மீண்டும் 30 லட்சமானால் 9% வீதம் 2.70 லட்சம்.

வாங்குபவரின் கைப்பணம்

வீட்டுக்கடன் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றை வீட்டின் மதிப்போடு சேர்க்கக் கூடாது என 2012-இல் இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் 2015-இல் விலக்களித்தது. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி அதிகபட்சம் மதிப்பில் 90% தரலாம். ஆகவே 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 27 லட்சம் கடன் கிடைத்தாலும், மீதி விலை 3 லட்சத்துடன் பதிவுச் செலவு 2.70 லட்சத்தையும் வாங்குபவர் கையிலிருந்தே தர வேண்டும். தேவையான சேமிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இச்செலவைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுபவர், பின்னாளில் அதை விற்கும்போது ஆதாயம் பெரிதாகத் தெரிந்து மூலதன ஆதாய வரி கூடுதலாகச் செலுத்த நேரும். 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1% குறைக்கப்பட்டுள்ளது.